பாதியாக வந்த ஃபூரியர் விடை

முதலாண்டு கால்குலஸ் முடித்த தைரியத்தில் ஃபூரியர் தொடரை, அதாவது ஒரு சார்பை சைன், கொசைன் அலைகளின் கூட்டலாக எழுதும் முறையைத் தொட்டேன். மூன்று நாள் போச்சு. மைனஸ் பை (π) முதல் பை வரை எக்ஸ்²-ஐ அப்படி விரித்து, எக்ஸுக்குப் பை போட்டால் 1 + 1/4 + 1/9 + … என்பதன் கூட்டல் பை²/6 வரவேண்டும். கணித மேதை ஆய்லர் 1735-இலேயே காட்டியது. எனக்கு வந்ததோ பை²/12.

சிக்கல் என்னவென்றால், அதுவும் தெரிந்த எண்தான்: குறி மாறி மாறி வரும் 1 − 1/4 + 1/9 − … தொடரின் கூட்டல். அதனால் குறியில்தான் தப்பு என்று பகுதித் தொகையிடலை (integration by parts) நான்கு தடவை போட்டேன். எல்லாம் சரி. விடை 0.82தான், முதல் உறுப்பே 1 ஆயிற்றே என்று அப்போது உறைக்கவில்லை!

அப்புறம் சேலத்திலிருந்து ஏற்காடு போகும் பஸ்ஸில், கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே, செல்போனில் வரைபடம் போட்டேன். வளைவு அச்சாக எக்ஸ்² மாதிரியே இருந்தது. ஆனால் எக்ஸ் 0 ஆகும் இடத்தில் 0-ஐத் தொடாமல் 3.29 உயரத்தில் தொங்கியது. அதாவது பை²/3. எக்ஸ்²-இன் சராசரியும் அதேதான். தொடரின் தொடக்கத்தில் நிற்கும் மாறிலி (அலையில்லாத வெறும் எண்) அந்தச் சராசரிதான்; அது என் தொடரில் இரண்டு மடங்காக வந்திருந்தது.

அந்த மாறிலியை வகுப்பு நோட்டு முறையில் கண்டுபிடித்திருந்தேன். அங்கே தொடரில் எழுதும்போது அதைப் பாதியாக்க வேண்டும். தொடரையோ, பாதியாக்காத இன்னொரு புத்தகத்திலிருந்து எடுத்திருந்தேன். மாறிலியை 2-ஆல் வகுத்தேன், பை²/6 வந்தது.