பினாங்கிலிருந்து ஒரே நாளில் ஹட்யாய், சொங்க்லா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கிலிருந்து விடியும் முன் கிளம்பினால் தென் தாய்லாந்தின் ஹட்யாயில் பசியாறி, சொங்க்லாவின் சமிலா கடற்கரையில் கால் நனைத்துவிட்டு, இரவே வீடு திரும்பலாம். புக்கிட் காயு ஹீத்தாம் எல்லைக்கு நெடுஞ்சாலையில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அங்கிருந்து ஹட்யாய் 60 கிலோமீட்டர் சொச்சம், சொங்க்லாவுக்கு மேலும் 30. தூரம் ஒரு பொருட்டே இல்லை. போகும் நேரத்தை மட்டும் கணக்குப் போட்டுவிட்டுத் திரும்பும் நேரத்தை விட்டுவிடுவதுதான் நம் குடும்பங்கள் செய்யும் முதல் தவறு.

தாய்லாந்து நேரம் நம் நேரத்தைவிட ஒரு மணி பின்னால் ஓடுகிறது. காலையில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்ததுபோல் இருக்கும். மாலையில் அதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். புக்கிட் காயு ஹீத்தாம் வாசல் மலேசிய நேரம் நள்ளிரவு 12 மணிக்கு மூடும். அங்கே அது இரவு 11. இன்னொரு எல்லை வாசலான பாடாங் பெசார் இன்னும் முன்னதாக, நம் நேரம் 10 மணிக்கு, அதாவது அவர்கள் நேரம் 9 மணிக்கே மூடிவிடும். எல்லையை நெருங்கும்போது கைப்பேசி எந்த நாட்டு சிக்னலைப் பிடிக்கிறதோ அந்த நாட்டு நேரத்தைக் காட்டும் என்பதால், காரில் ஒருவராவது மலேசிய நேரம் வைத்த கைக்கடிகாரம் கட்டியிருப்பது நல்லது. பள்ளி விடுமுறையிலும் நீண்ட வார இறுதியிலும் வரிசை மணிக்கணக்கில் நகராது. சொங்க்லாவை அவர்கள் நேரம் மாலை 6 மணிக்குள் விட்டுவிடுங்கள் என்பேன். கைக்குழந்தையோ வயதானவர்களோ உடன் இருந்தால் 5 மணிக்கே.

ரயிலில் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் இறுக்கம். பட்டர்வொர்த்திலிருந்து பாடாங் பெசார் வரை சிரமமில்லை. இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் அந்த நிலையத்திலேயே முடிந்துவிடும். ஆனால் அங்கிருந்து ஹட்யாய்க்கு ஓடும் தாய்லாந்து ரயில்கள் மிகக் குறைவு. போவது ரயில், திரும்புவது வேன் என்று வைத்துக்கொண்டால்தான் ஊரைப் பார்க்க நேரம் மிஞ்சும்.

சொந்தக் காரில் போவோருக்குக் காகிதங்கள் முக்கியம். மலேசியக் காப்புறுதி எல்லையோடு நின்றுவிடும். தாய்லாந்துக் காப்புறுதி தனியாக எடுக்க வேண்டும். எல்லைக்கு முன் நம் பக்கமுள்ள சங்லூன் ஊர்க் கடைகளில் அதோடு வாகனப் படிவங்களையும் தயார் செய்து தருவார்கள். சாலை வரியும் ஓட்டுநர் உரிமமும் கைப்பேசிச் செயலியில் இருப்பது உள்ளூருக்குச் சரி. எல்லைக்கு அச்சிட்ட பிரதி கொண்டு போங்கள். கார் அப்பா பெயரிலோ மாமா பெயரிலோ இருந்து, அவர் கூட வரவில்லை என்றால் அவருடைய அனுமதிக் கடிதம் தேவை. உள்ளே போகும்போது சுங்கத்தில் தரும் வாகனத் தாளைப் பத்திரமாக வைத்திருந்து, வெளியேறும்போது கட்டாயம் திருப்பிக் கொடுங்கள்.

கடப்பிதழ் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். பிள்ளைகளுடையதையும் பாருங்கள், அவசரத்தில் பலர் மறப்பது அதைத்தான். கெடாவில் இருக்கும் உறவினர் கடப்பிதழுக்குப் பதிலாக எல்லை அனுமதிச் சீட்டில் போகிறாரே என்று பினாங்கு முகவரிக்காரர்கள் நம்பிப் போகக் கூடாது, நமக்கு அது கிடையாது. 2025 மே 1 முதல் தாய்லாந்தின் மின்னிலக்க வருகை அட்டையை ஒவ்வொருவரும், குழந்தை உட்பட, வருகைக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் பக்கம் வந்தால் அது அரசுத் தளம் இல்லை, மூடிவிடுங்கள்.

இளைஞர்களிடம் அழுத்தமாகச் சொல்ல வேண்டியது ஒன்று. வேப் கருவியைத் தாய்லாந்துக்குள் கொண்டு போவதே குற்றம், அபராதத்தோடு சிறையும் உண்டு. மறுபக்கம், 2022-இல் தாய்லாந்து கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. 2025-இல் விதிகளை மீண்டும் இறுக்கியது. ஆனாலும் கஞ்சா கலந்த மிட்டாய், பிஸ்கட், பானம் எல்லாம் கண்ணில் படலாம். மலேசியாவில் 1952-ஆம் ஆண்டின் அபாயகர போதைப்பொருள் சட்டம் அப்படியே இருக்கிறது. 200 கிராம் கஞ்சா கையில் இருந்தாலே கடத்தல் என்று அனுமானிக்கும் சட்டம் அது. அதற்கு மரண தண்டனை வரை உண்டு. பொட்டலத்தில் இலைப் படம் இருந்தால் தொடாதீர்கள். முன்பின் தெரியாதவர் "இதைக் கொஞ்சம் அந்தப் பக்கம் கொண்டு வந்து தாங்க" என்று கொடுக்கும் பையையும் வாங்காதீர்கள்.

சைவம் சாப்பிடுவோர் காய்கறிப் பிரட்டல்தானே என்று நம்பிவிட வேண்டாம், அதிலும் மீன் சாறு இருக்கும். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தொங்கும் கடைகளில் மீனும் முட்டையும் சேர்க்க மாட்டார்கள்.

சொங்க்லாவிலிருந்து கடலோரமாகவே தெற்கே போய்ப் பார்க்கலாம் என்ற ஆசையும் வேண்டாம். சானா, தேப்பா வட்டாரங்களும் அவற்றுக்கு அப்பால் பட்டானியும் பல ஆண்டுகளாகக் கிளர்ச்சி நடக்கும் பகுதிகள்.

கடைசியாக மழை. சொங்க்லா கிழக்குக் கரையில் இருப்பதால் பினாங்கு வானத்தைப் பார்த்து அந்த ஊரை எடைபோட முடியாது. நவம்பர், டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை அங்கே கொட்டும். நம் ஆண்டிறுதி விடுமுறைப் பயணங்களும் பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான். 2025 நவம்பர் வெள்ளத்தில் ஹட்யாய் மூழ்கியபோது ஆயிரக்கணக்கான மலேசியர்கள் ஹோட்டல்களில் சிக்கிக்கொண்டார்கள். அந்த மாதங்களில் போவதானால் முந்தைய நாளும் அன்று காலையும் சொங்க்லா மாகாணத்துக்கான மழை எச்சரிக்கையைப் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் பிள்ளைகள் அழுதாலும் பயணத்தைப் பிப்ரவரி, மார்ச்சுக்குத் தள்ளிவையுங்கள்.