பாத்திரக் கடையில் பேர் வெட்ட ஒரு தொடுதிரை: நீங்களே அமைக்கலாம்

என் அத்தையின் சீர்க் குடத்தில் 'கன்னம்மாள்' என்று வெட்டியிருக்கிறது. அத்தையின் பெயர் கண்ணம்மாள். தாத்தா பேரைச் சொன்னார், கல்லாவில் இருந்தவர் துண்டுச் சீட்டில் எழுதினார், உள்ளே உட்கார்ந்திருந்தவர் சீட்டைப் பார்த்து வெட்டினார். மூன்று கை மாறியதில் 'ண'வுக்கு ஒரு சுழி குறைந்து 'ன' ஆகிவிட்டது. எவர்சில்வரில் விழுந்த எழுத்தை அழிக்க வழியில்லை.

அதனால்தான் மாமா தன் பாத்திரக் கடையில் ஒரு டேப்லெட் வைக்க வேண்டும் என்றபோது, பேர் வெட்டுவதற்கு வைப்போம் என்றேன். பாத்திரம் வாங்கியவரே தன் பேரைத் திரையில் எழுதுகிறார். அது அப்படியே வெட்டுபவரின் போனில் தெரிகிறது. நடுவில் சீட்டு இல்லை. இதற்கு நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. ஒரு பிற்பகல் போதும்.

முதல் படி: ஒரே ஒரு வேலை

விலைப்பட்டியல், சலுகை விளம்பரம், கடையின் வரலாறு என்று எல்லாவற்றையும் அந்தத் திரையில் ஏற்ற ஆசை வரும். வேண்டாம். பில் போட்டுவிட்டு, கையில் பையோடு, பக்கத்தில் அழும் குழந்தையோடு நிற்பவர் மெனுவைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார். திரை எப்போதும் ஒரே பக்கத்தில் நிற்கட்டும். அதில் பேர் எழுதும் இடம் மட்டும் இருக்கட்டும்.

இரண்டாம் படி: டேப்லெட், ஸ்டாண்ட், இடம்

10 அங்குல ஆண்ட்ராய்டு டேப்லெட் ஒன்று, பூட்டு உள்ள உலோக ஸ்டாண்ட் ஒன்று, சார்ஜர். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய டேப்லெட்டே போதும்.

உயரத்தில் கவனம் வையுங்கள். நின்றுகொண்டு அளவெடுத்தால் நமக்கு வசதியான உயரத்தில்தான் பொருத்துவோம். அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகள் சட்ட விதிகளில், சக்கர நாற்காலியில் இருப்பவர் நேராகக் கைநீட்டி எட்டும் எல்லை தரையிலிருந்து 15 முதல் 48 அங்குலம் என்று இருக்கிறது. தொட வேண்டியதெல்லாம் 48 அங்குலத்துக்குக் கீழே வரும்படி பொருத்துங்கள். எங்கள் கடையில் முதலில் 55 அங்குலத்தில் வைத்து, அப்புறம் இறக்கினோம்.

பாத்திரக் கடையில் இன்னொரு தொல்லை, வெளிச்சம். எல்லாப் பக்கமும் பளபளப்பு. டியூப்லைட் திரையில் விழுந்தால் எழுத்தே தெரியாது. பொருத்துவதற்கு முன் கடை விளக்குகளை எல்லாம் போட்டு, டேப்லெட்டைக் கையில் பிடித்து இப்படி அப்படிச் சாய்த்துப் பாருங்கள். எந்தச் சாய்வில் விளக்கு மறைகிறதோ அந்தச் சாய்விலேயே நிறுத்துங்கள்.

மூன்றாம் படி: படிவம்

கடைக்கென்று தனி ஜிமெயில் கணக்கு தொடங்கி, கூகுள் ஃபார்ம்ஸில் புதுப் படிவம் ஒன்று திறவுங்கள். மூன்று கேள்வி போதும்: பில் எண், வெட்ட வேண்டிய பேர், எத்தனை பாத்திரம். மூன்றையும் கட்டாயக் கேள்விகளாக வையுங்கள். பில் எண்ணுக்கு எண் மட்டுமே ஏற்கும்படி சரிபார்ப்பு வைக்கலாம்.

போன் நம்பர் கேட்காதீர்கள். வெட்டுவதற்கு அது தேவையே இல்லை. பொது இடத்துத் திரையில் ஒருவர் எண்ணைத் தட்டும்போது பின்னால் நிற்பவரும் அதைப் பார்க்கிறார்.

அமைப்புகளில் மின்னஞ்சல் சேகரிப்பும், ஒருவருக்கு ஒரு பதில் என்ற கட்டுப்பாடும் அணைந்திருக்க வேண்டும். மற்றொரு பதில் அனுப்பும் இணைப்பு மட்டும் காட்டப்படட்டும், அதைத் தொட்டால்தான் அடுத்தவருக்குப் புதுப் படிவம் வரும். தானாகச் சேமிப்பதை நிறுத்தும் வசதியும் அங்கேயே இருக்கிறது, அதையும் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் பாதியில் விட்டுப்போனது அடுத்தவர் கண்ணில் படலாம். தீம் பகுதியில் எழுத்தின் அளவைப் பெரிதாக்குங்கள்.

கடைசியாகப் பதில்கள் பக்கத்தில் இருந்து ஒரு கூகுள் ஷீட்டோடு இணைத்து, அந்த ஷீட்டை வெட்டுபவரின் போனில் திறந்து வையுங்கள்.

நான்காம் படி: தமிழில் எழுத வைப்பது

இந்த வேலையின் உயிரே இங்கேதான் இருக்கிறது. கடைக்கு வரும் பலர் தமிழ் விசைப்பலகையைத் தொட்டதே கிடையாது. கூகுளின் விசைப்பலகை ஆப்பான ஜிபோர்டில் தமிழைச் சேர்க்கும்போது விசைப்பலகை வகை கேட்கும். தமிழ் எழுத்துகள் உள்ளது, ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழாக வருவது, கையெழுத்து, மூன்றையும் சேருங்கள். பூமிப்பந்து பொத்தானைத் தொட்டால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும். ஆனால் திரை திறக்கும்போது கையெழுத்து வகையே முன்னால் நிற்கட்டும்.

விரலால் எழுதினால் அதுவே எழுத்தாக மாறுகிறது. பலகையில் 'ண' எங்கே என்று தேடிக் களைத்துப்போன ஒரு பாட்டி, கையெழுத்துக்கு மாற்றிக் கொடுத்ததும் சிலேட்டில் எழுதுவதுபோல மூன்று சுழியையும் நிதானமாகப் போட்டார். திரையில் 'ண' வந்து நின்றதும் கையை எடுத்துவிட்டு மகளைத் திரும்பிப் பார்த்தார். அவர் பேரில் ஒரு சுழியும் குறையவில்லை.

தலைப்பெழுத்துக்குப் பின் வரும் புள்ளியைக் கையெழுத்து சில சமயம் விட்டுவிடும். கேள்விக்குக் கீழே 'எடுத்துக்காட்டு: மு. வரலட்சுமி' என்று எழுதி வையுங்கள், ஆட்கள் பார்த்துச் சரிசெய்துகொள்வார்கள். விசைப்பலகையின் பரிந்துரைகளையும் சொந்தச் சொற்களைக் கற்றுக்கொள்ளும் வசதியையும் அணைத்துவிடுங்கள். காலையில் வந்தவர் பேர் மாலையில் வருபவருக்குப் பரிந்துரையாக வரக் கூடாது.

ஐந்தாம் படி: திரையைப் பூட்டுவது

குரோமில் மறைநிலைப் (இன்காக்னிட்டோ) பக்கத்தில் படிவத்தைத் திறவுங்கள். ஆண்ட்ராய்டு அமைப்புகளில் பாதுகாப்புப் பகுதியில் ஆப் பின்னிங், அதாவது திரையை ஒரே ஆப்பில் பூட்டி வைக்கும் வசதி, இருக்கும். 2014-இல் வந்த ஆண்ட்ராய்டின் லாலிபாப் பதிப்பிலிருந்தே இந்த வசதி உண்டு. அதை இயக்கி, விடுவிக்க ரகசிய எண் (PIN) கேட்கும்படியும் வையுங்கள். பிறகு சமீபத்திய ஆப்கள் திரைக்குப் போய், குரோமின் சின்னத்தைத் தொட்டு, 'பின்' (Pin) என்பதைத் தேர்ந்தெடுங்கள். இனிப் பிள்ளைகள் தட்டினாலும் யூடியூப் ஆப் திறக்காது.

திரை அணையாமல் இருக்க, அமைப்புகளில் பில்டு எண்ணை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் தேர்வுகள் திறக்கும். அதில் சார்ஜ் ஆகும்போது திரை விழித்திருக்கும் தேர்வைப் போடுங்கள். அறிவிப்புகளையும் அணைத்துவிடுங்கள்.

நாள் முழுக்க சார்ஜரிலேயே கிடந்தால் பேட்டரி உப்பக்கூடும். பேட்டரியை 80 அல்லது 85 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி சில டேப்லெட்டுகளில் இருக்கிறது, இருந்தால் பயன்படுத்துங்கள். கடை சாத்தும்போது சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். கண்ணாடி ஓரம் தூக்கினாற்போல் தெரிந்தால் அந்த டேப்லெட்டை அன்றே எடுத்துவிடுங்கள்.

ஆறாம் படி: பேசாமல் நின்று பாருங்கள்

ஐந்தாறு பேர் பயன்படுத்தும்வரை பக்கத்தில் நில்லுங்கள், வாயைத் திறக்காதீர்கள். சொல்லிக்கொடுத்தால் எங்கே தடுமாறுகிறார்கள் என்பது தெரியாமலே போய்விடும்.

நாங்கள் பார்த்தது இது: வயதானவர்கள் பொத்தானைத் தொட்டு எடுப்பதில்லை, காலிங் பெல்லைப் போல அழுத்திப் பிடிக்கிறார்கள். நீண்ட தொடுதலுக்கு ஆண்ட்ராய்டில் வேறு அர்த்தம் உண்டு, அதனால் ஏதேதோ திறந்தது. அணுகல்தன்மை அமைப்புகளில் தொட்டுப் பிடிப்பதற்கான நேரத்தை நீளமாக்கினோம், சரியாகிவிட்டது.

பக்கத்தில் ஓர் ஆளையும் வையுங்கள். ரயில் நிலையங்களில் தானியங்கி டிக்கெட் இயந்திரத்தின் அருகே ஓய்வுபெற்ற ஊழியர்களை உதவிக்கு அமர்த்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே தேவை இங்கும் உண்டு.

இன்னொன்றை விடவே கூடாது. பேர் வந்ததும் வெட்டுபவர் ஷீட்டில் அந்த வரியை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கி, போனைத் திருப்பி வாங்கியவரிடம் காட்ட வேண்டும். அவர் 'ஆமாம்' என்று சொன்ன பிறகுதான் மெஷினை ஓட விட வேண்டும். எங்கள் கடையில் பேர் வெட்டும் அண்ணன் இதோடு நிற்பதில்லை, ஒவ்வோர் எழுத்தாக உரக்கப் படித்தும் காட்டுகிறார்.

பழைய சீட்டு நோட்டு கல்லாவுக்குக் கீழேயே இருக்கட்டும். கரண்ட் போனால், நெட் போனால் அதுதான் கை கொடுக்கும். சீட்டிலும் வாங்குபவரையே எழுதச் சொல்லுங்கள்.