பெயர்ப்பலகை எழுத்துகளை எதில் வெட்டுவது?

லேசரில் எழுத்து வெட்டித் தரச் சொல்லி வருபவர்கள் முதலில் நிறத்தைச் சொல்வார்கள். நான் கேட்பது வேறு: வெயில், மழை படுமா? அந்தப் பதிலிலேயே பாதிப் பொருள்கள் கழிந்துவிடும்.

அறைக்குள், பெயின்ட் அடித்து மாட்டப் போகிறீர்கள் என்றால் மரநாரைப் பசையிட்டு அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை போதும். லேசர் பட்ட ஓரம் கரிந்திருக்கும். அதை உப்புத்தாளால் தேய்த்து, நுண்துளைகளை அடைக்கும் சீலர் பூசிவிட்டுத்தான் பெயின்டைத் தொட வேண்டும். இல்லையென்றால் எத்தனை கை அடித்தாலும் ஓரம் குடித்துக்கொண்டே இருக்கும். ஈரம் பட்டால் ஊதிவிடும் என்பதால் வெளியே வேண்டவே வேண்டாம். பிளைவுட்டின் அடுக்குகள் ஓரத்தில் தெரிவது அழகுதான். ஆனால் உள்ளே முடிச்சோ பசைத் திட்டோ இருந்தால் அந்த இடம் மட்டும் அறுபடாமல் நிற்கும்.

வெளிச்சுவருக்கு என் முதல் தேர்வு அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக், அதிலும் அச்சில் ஊற்றி வார்த்த காஸ்ட் அக்ரிலிக். உருக்கி அழுத்தித் தள்ளிச் செய்யும் எக்ஸ்ட்ரூடட் வகை விலை குறைவு, கனமும் தாளெங்கும் ஒரே சீராக இருக்கும். ஆனால் லேசரில் இளகி, அடி ஓரத்தில் பிசிறு கட்டும். காஸ்ட் வகையில் வெட்டிய ஓரம் மெருகேற்றியது போல வந்துவிடுகிறது. பளபளக்கும் அந்த ஓரத்தை ஸ்பிரிட் அல்லது ஆல்கஹால் தொட்டுத் துடைக்காதீர்கள். சூட்டில் வெட்டியதால் உள்ளே இழுவிசை தேங்கியிருக்கும். ஆல்கஹால் பட்டதும் மயிரிழை போன்ற விரிசல்கள் ஓடும். சோப்புத் தண்ணீரும் மென்மையான துணியும் போதும்.

மலிவாகவும் லேசாகவும் இருக்கிறதே என்று பிவிசி ஃபோம் ஷீட்டைக் கொண்டுவந்து நீட்டுபவர்கள் உண்டு. ரம்பத்தில் அறுக்கலாம், சுழலும் கத்தியுள்ள ரூட்டரில் வெட்டலாம்; லேசரில் கூடாது. சூடானால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நுரையீரலுக்கும் கேடு, இயந்திரமும் துருப்பிடிக்கும். பெயர் தெரியாத பிளாஸ்டிக் என்றால் காற்றோட்டமான இடத்தில் செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி அதன்மேல் தொட்டு, கம்பியை மீண்டும் தீயில் காட்டுங்கள். சுடர் பச்சையாக எரிந்தால் குளோரின் இருக்கலாம். அந்தத் தாளை லேசர் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

உலோகத்துக்குக் கண்ணாடி இழையில் ஒளியை உண்டாக்கும் ஃபைபர் லேசர் வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 என்ற ரகம் பொதுவாகப் போதும். கடற்காற்று படும் இடத்துக்கு 316 கேளுங்கள். நைட்ரஜன் வாயு விட்டு வெட்டினால் ஓரம் கறுக்காது.

கனத்தை முடிவு செய்யுமுன் எழுத்தைப் பாருங்கள். கோட்டின் அகலம் தாளின் கனத்தைவிடக் குறைந்தால் எழுத்து நோஞ்சானாகத் தெரியும், ஒடியவும் செய்யும். தமிழில் புள்ளி வேறு தனித் துண்டாக விழுந்துவிடும். 10 மி.மீ. தாளில் 6 மி.மீ. புள்ளி வெட்டினால் அது புள்ளியாகவா இருக்கும்? ஆணி! ஒன்று புள்ளியைப் பெரிதாக்குங்கள், அல்லது மெல்லிய தாளுக்கு மாறுங்கள். 'ண', 'ஞ' சுழிகளின் உள் இடைவெளியையும் கொஞ்சம் திறந்து வையுங்கள்; பெயின்ட் ஏறினால் அடைத்துக்கொள்ளும்.

ஒரு மீட்டர் அக்ரிலிக் 30 டிகிரி வெப்ப மாற்றத்தில் ஏறத்தாழ 2 மி.மீ. நீளும். அதனால் நீளமான துண்டுகளுக்குத் திருகைவிடச் சற்றே பெரிய துளை போடுங்கள். திருகை இறுக்கி நெரிக்காதீர்கள். சின்ன எழுத்துகளுக்கு இருபக்க ஃபோம் டேப்பே போதும்.