அண்டக்கதிர் மோதல்களைக் கணினியில் கணக்கிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் உள்ளங்கையை விரித்து நிற்பவரின் கையில், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் நிமிடத்துக்குச் சராசரியாக ஒரு மியூவான் (எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான துகள்) துளைத்துச் செல்கிறது. விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர்ப் புரோட்டான்கள் மேல் வளிமண்டலத்தில் மோதுவதால் உண்டாகும் பையான்கள் என்ற குறைந்த ஆயுளுள்ள துகள்கள் சிதைந்தே இவை பெரும்பாலும் பிறக்கின்றன. வியாசர்பாடியிலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ இயற்பியல் பயிலும் ஒரு மாணவர் தம் திட்டப்பணியை இந்த மியூவான்களிலிருந்து தொடங்குவது இயல்பே. ஆனால் அண்டக்கதிர்கள் விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியின் வாயுவில் மோதி உண்டாக்கும் துகள்களைக் கணக்கிடவும் அதே கணக்கை அப்படியே எடுத்துச் சென்றால் முதல் தவறு நேர்ந்துவிடும்.

1 டெரா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள மின்னூட்டப் பையான் சிதைவதற்குள் சராசரியாக 50 கிலோமீட்டருக்கு மேல் பயணிக்கும் என்பதால், காற்றில் அது பெரும்பாலும் அதற்கு முன்பே ஓர் அணுக்கருவில் மோதிவிடுகிறது. கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஓர் அணு மட்டுமே உள்ள விண்மீனிடை வெளியில் அடுத்த மோதலுக்குக் கோடிக்கணக்கான ஒளியாண்டுகள் கடக்க வேண்டியிருப்பதால், அங்கே ஒவ்வொரு பையானும் சிதைந்தே தீரும். ஆகவே கார்சிகா போன்ற வளிமண்டலப் பொழிவு நிரல்களை (ஒரு மோதலிலிருந்து காற்றில் அடுக்கடுக்காகப் பெருகும் துகள்களைக் கணக்கிடும் நிரல்களை) முழுதாகப் பயன்படுத்தாமல், அவற்றுள் அடங்கிய எபோஸ், கியூஜிஎஸ்ஜெட் போன்ற மோதல் உருவாக்கிகளை (ஒரே ஒரு மோதலில் பிறக்கும் துகள்களைக் கணக்கிடும் பகுதிகளை) மட்டும் தனியே எடுத்துக்கொள்ள வேண்டும்.

மிகுதியாகக் காணப்படும் தவறு, ஒரு சூத்திரத்தை அதன் ஆற்றல் எல்லைக்கு வெளியே பயன்படுத்துவதுதான். புரோட்டான் மோதலில் பிறக்கும் துகள்களுக்காகக் கெல்னர், அகரோனியன், புகயோவ் ஆகியோர் 2006இல் தந்த சூத்திரங்கள் 100 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட புரோட்டான்களுக்கு உரியவை. அவற்றைக் கீழே நீட்டினாலும் வளைகோடு வழவழப்பாகவே வரும். அதனால்தான் இந்தத் தவறு எளிதில் கண்ணில் படுவதில்லை. உண்மையில், புரோட்டானின் இயக்க ஆற்றல் சுமார் 280 மெகா எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டினால்தான் நடுநிலைப் பையானே உருவாக முடியும். நேர்மின், எதிர்மின், நடுநிலை என்ற மூவகைப் பையான்களும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று கொள்வதும் இங்கே பொருந்தாது. மோதும் இரண்டும் நேர்மின்னூட்டம் கொண்டவை என்பதால், எதிர்மின் பையான் ஒன்று தோன்றக் குறைந்தது இரண்டு பையான்கள் உருவாக வேண்டும்; எனவே குறைந்த ஆற்றலில், எதிர்மின் பையான்களின் சிதைவில் வரும் எலக்ட்ரான்களைவிட, நேர்மின் பையான்களின் சிதைவில் வரும் பாசிட்ரான்களே (நேர்மின்னூட்டமுள்ள எதிர்-எலக்ட்ரான்களே) மிகுதி.

இதைச் சரிபார்க்க நம்பகமான வழி ஒன்று உண்டு. நடுநிலைப் பையான் இரு காமாக் கதிர்களாகச் சிதையும்போது, அவற்றின் ஆற்றல்களுக்கு உரிய நிறமாலை, மடக்கை அளவுகோலில் 67.5 மெகா எலக்ட்ரான் வோல்ட்டின் இருபுறமும் சமச்சீராக அமைய வேண்டும். பையான் எவ்வளவு வேகமாகப் பறந்தாலும் இது மாறாது. உங்கள் வரைபடத்தில் சமச்சீர் இல்லையென்றால் சிதைவுக் கணக்கிலோ ஆற்றலைச் சிறு இடைவெளிகளாகப் பிரித்ததிலோ பிழை இருக்கிறது. ஆனால் ஆற்றலின் இருமடியால் பெருக்கி வரையும்போது உச்சி உயர் ஆற்றல் பக்கம் நகர்ந்து விடும். அதைப் பிழையெனக் கருதித் திருத்தப் புகக் கூடாது. ஃபெர்மி காமாக் கதிர் விண்வெளித் தொலைநோக்கி 2013இல் ஐசி 443, டபிள்யூ 44 என்ற இரு மீவிண்மீன் எச்சங்களில் (வெடித்த விண்மீன்களின் மிச்சங்களில்) பையான் சிதைவின் அடையாளமாகக் கண்டறிந்ததும், 200 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே இவ்வகை வரைபடத்தில் தென்பட்ட செங்குத்தான சரிவைத்தான்.

இதே மோதல்களில் பிறக்கும் எதிர்ப்புரோட்டான்களின் (புரோட்டானின் எதிர்த்துகள்களின்) கணக்கில் மறதியே பெரும் பகை. பேரியான் எண் (புரோட்டான், நியூட்ரான் வகைத் துகள்களிலிருந்து அவற்றின் எதிர்த்துகள்களைக் கழித்த எண்ணிக்கை) மாறாதிருக்க ஒரு புரோட்டானும் உடன் பிறக்க வேண்டியிருப்பதால், மோதும் புரோட்டானின் இயக்க ஆற்றல் சுமார் 5.6 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டாவது இருக்க வேண்டும். கூடவே உருவாகும் எதிர்நியூட்ரான்களும் விண்வெளியில் எதிர்ப்புரோட்டான்களாகச் சிதைந்துவிடும். முடுக்கி ஆய்வகங்களில் அவை சிதைவதற்குள் கருவியைக் கடந்துவிடுவதால் அங்கு அளந்த எண்ணில் அவை சேர்வதில்லை. அந்த எண்ணை அப்படியே எடுத்தாண்டால் விடை பாதியளவாகச் சுருங்கும். கரும்பொருளைப் (ஒளியை வெளியிடாத, இன்னும் இனங்காணப்படாத பொருளைப்) பற்றிய முடிவுகள் சில பத்து விழுக்காட்டு வேறுபாட்டின் மேல் நிற்கும் துறையில் இது பொறுக்கத்தக்க பிழையன்று.

ஹீலியத்தை விட்டுவிடவும் கூடாது, இருமுறை சேர்க்கவும் கூடாது. வாயுவிலும் கதிரிலும் உள்ள கனமான அணுக்கருக்களைச் சேர்த்தால் விளைச்சல் ஏறத்தாழ இருமடங்கை நெருங்கும். ஆனால் சில தயார் நிரல்கள் அந்தப் பெருக்கெண்ணை ஏற்கெனவே உள்ளடக்கியிருப்பதால் கையேட்டைப் படித்த பிறகே பெருக்க வேண்டும்.

கடைசியாக, உள்ளீட்டு நிறமாலை. 2011 முதல் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் இயங்கும் ஏஎம்எஸ்-02 என்ற துகள் உணர்கருவி அளக்கும் புரோட்டான்கள், சூரியக் காற்றை எதிர்த்து உள்ளே வந்தவை என்பதால் குறைந்த ஆற்றலில் தேய்ந்தே காணப்படும். அவற்றை விண்மீனிடை வெளியின் நிறமாலையாகக் கொள்வது தவறு. சூரியக் காற்று நிரம்பிய பகுதியை 2012 ஆகஸ்டில் கடந்து வெளியேறிய வாயேஜர் 1 விண்கலம் தேயாத நிறமாலையை அளந்தது. ஆனால் அதன் புரோட்டான் அளவீடு சில நூறு மெகா எலக்ட்ரான் வோல்ட்டோடு, பையான் உருவாக்கம் தொடங்கும் இடத்திலேயே நின்றுவிடுகிறது. மிகுதியான பையான்களைத் தரும் ஜிகா எலக்ட்ரான் வோல்ட் பகுதியை இரு தரவுகளையும் இணைத்தே ஊகிக்க வேண்டியிருப்பதால், அந்த ஊகத்தின் பிழை வரம்பை இறுதி வரைபடத்திலும் பட்டையாகக் காட்ட வேண்டும்.