அன்றாட வேலைக்கு லேப்டாப்: ப்ராசசரின் எண்ணைப் படித்து வாங்குங்கள்

மின்னஞ்சல், வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு, இரண்டொரு எக்செல் கோப்பு, இரவில் ஒரு படம் என்ற அளவில்தான் உங்கள் வேலை இருக்கிறதென்றால், கடைக்காரர் எடுத்துக்காட்டும் ஐ7 ஸ்டிக்கருக்கு மயங்க வேண்டியதில்லை. ஐ3, ஐ5, ஐ7 என்பவை, கணினியின் மூளையான ப்ராசசருக்கு இன்டெல் நிறுவனம் தரும், ஒரே தலைமுறைக்குள் மட்டுமே பொருள் தரும் தரவரிசைகள். 2016இல் வந்த ஐ7 7500யூ ப்ராசசரில் இருப்பவை 2 கோர்கள், அதாவது வேலையைப் பகிர்ந்து செய்யும் உட்பிரிவுகள். 2022இல் வந்த ஐ3 1215யூவில் 6 கோர்கள் உள்ளன. முன்னது விண்டோஸ் 11 ஆதரிக்கும் ப்ராசசர்களின் அதிகாரபூர்வப் பட்டியலிலும் இல்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், பழைய லேப்டாப் வாங்குவோர் இதை முதலில் பார்க்க வேண்டும்.

ஆகவே, பெயரை விட்டுவிட்டு எண்ணைப் படியுங்கள். 1215யூ என்பதில் முதல் இரண்டு இலக்கங்கள் 12ஆம் தலைமுறையைக் குறிக்கும். கடைசியில் உள்ள யூ, மின்சாரத்தைக் குறைவாகச் செலவழிக்கும் வகை என்பதைச் சொல்லும். எச் என்று முடிபவை விளையாட்டுக்கும் வீடியோ எடிட்டிங்குக்கும் உரியவை. அவற்றின் சூடும் மின்விசிறிச் சத்தமும் நமக்குத் தேவையில்லை.

இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். அங்கே முதல் இலக்கம் வெளியான ஆண்டை மட்டுமே காட்டும். உள்ளே இருக்கும் வடிவமைப்பு எவ்வளவு புதியது என்பதை மூன்றாம் இலக்கம்தான் சொல்லும். ரைசன் 5 7520யூ என்பது 2019இல் அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பைக் கொண்ட 4 கோர் ப்ராசசர். ரைசன் 5 7530யூ என்பதோ ஜென் 3 வடிவமைப்பைக் கொண்ட 6 கோர் ப்ராசசர். ஓர் இலக்கம்தான் வித்தியாசம், ஆனால் விலை நெருங்கியிருந்தால் இரண்டாவதையே எடுக்க வேண்டும் என்பேன்.

இன்னும் குறைந்த விலையில் இன்டெல் என்100 கிடைக்கும். 4 கோர்களும் 6 வாட் மின்தேவையும் கொண்ட இது, பிரௌசருக்கும் வீடியோவுக்கும் போதுமானது. ஆனால் இருபது டேப்களைத் திறந்துவைத்துக்கொண்டே வீடியோ கூட்டத்தில் பேசுபவருக்கு இது தடுமாறும். இரண்டே கோர்கள் கொண்ட செலெரான் என்4020 எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

முடிவெடுக்கும் முன், இப்போது உங்களிடம் இருக்கும் கணினியில் வழக்கமான வேலைகளைத் திறந்துவைத்து, டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியைப் பாருங்கள். ரேமோ (தற்காலிக நினைவகம்) டிஸ்கோ நிரம்பி நிற்க, ப்ராசசர் பாதியைக்கூடத் தொடாமல் இருந்தால், ஐ5க்குக் கூடுதலாகக் கொடுக்கவிருந்த பணத்தை 16 ஜிபி ரேமுக்கும் 512 ஜிபி எஸ்எஸ்டி எனும் வேகமான டிஸ்குக்கும் செலவிடுவதே மேல். ரைசன் 7520யூ உள்ள லேப்டாப்களில் ரேம் போர்டோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கும். பிறகு கூட்ட வழியில்லை என்பதால், வாங்கும் நாளிலேயே தேவையான அளவைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.