கடைசிப் பாகம் கசந்தால்: மிகுபுனைவு நெடுந்தொடரின் முடிவை எடைபோடும் முறை

பல்லாண்டுகள் கூடவே வந்த ஒரு மிகுபுனைவு (ஃபேன்டசி) நாவல் தொடரை முடித்துக் கீழே வைத்த அன்றிரவே "முடிவு சொதப்பல்" என்று எழுதிவிடுவது எளிது. ராபர்ட் ஜோர்டனின் 'தி வீல் ஆஃப் டைம்' தொடரின் பதினான்காம் பாகத்தை முடித்த இரவில் நானும் அதைத்தான் செய்தேன். மூன்று வாரம் கழித்து அந்தக் குறிப்பை எடுத்துப் படித்தபோது, அதில் பாதி நூலைப் பற்றியதே அல்ல, என்னைப் பற்றியது என்று தெரிந்தது. பழகிய ஊரைக் காலிசெய்துவிட்டு வரும்போது உண்டாகும் வெறுமையையும் நூலில் உண்மையாகவே உள்ள பழுதையும் ஒரே மூட்டையில் கட்டியிருந்தேன். அந்த மூட்டையைப் பிரிப்பதற்கு நான் கைக்கொள்ளும் முறையை இங்கே எழுதுகிறேன். கதைகளின் முடிவுகளை மறைக்காமல் பேசவேண்டியிருப்பதால், இத்தொடர்களை இன்னும் முடிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

கடைசிப் பாகத்தைத் திறப்பதற்கு முன்பே வேலை தொடங்குகிறது. ஒரு தாளில், எந்தெந்த முடிச்சுகள் அவிழவேண்டும் என்றும், யாருக்கு என்ன நேரும் என்று நினைக்கிறீர்கள் என்றும் அரைப்பக்கம் எழுதி வையுங்கள். படித்து முடித்தபின் "நான் இதைத்தான் எதிர்பார்த்தேன்" என்று நினைவு நம்மை ஏமாற்றும், தாள் ஏமாற்றாது. என் தாளில் இரண்டு வரிகள் முக்கியமானவை. நாயகன் ராண்ட் கடைசிப் போரில் இறந்துவிடுவான் என்பது ஒன்று. முதல் பாகத்திலிருந்தே துரத்திக்கொண்டு வரும் பேடன் ஃபெயினின் கணக்கு எப்படித் தீரும் என்பது மற்றொன்று. நூலில் ராண்ட் பகைவனின் உடலில் உயிரோடு எழுந்து போகிறான். ஃபெயினோ ஒரு குறுகிய காட்சியில் வந்து மாண்டுபோகிறான்.

இரண்டுமே எனக்குக் கசந்தன, ஆனால் இரண்டும் ஒரே வகைக் கசப்பு அல்ல. வாழவேண்டுமானால் நீ சாகவேண்டும் என்ற விடை ராண்டுக்கு முந்தைய பாகங்களிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. அதைத் துயரமுடிவாக மட்டும் பொருள்கொண்டது என் விருப்பம், நூலின் குற்றமன்று. ஃபெயின் செய்தி வேறு. இத்தனை பாகங்களாக வளர்த்த அச்சத்தைச் சில பக்கங்களில் துடைத்துப்போட்டது, என் ஆசையோடு தொடர்பில்லாத கட்டுமானக் குறை. ஒவ்வொரு மனக்குறையையும் இப்படித் தனித்தனியாக நிறுத்தி, "இதற்கான விதை முன்பே ஊன்றப்பட்டிருந்ததா?" என்று கேளுங்கள். ஊன்றப்பட்டிருந்தால், பெரும்பாலும் உங்கள் கற்பனையில் இருந்த வேறொரு நூலுக்காகத்தான் சண்டையிடுகிறீர்கள்.

அடுத்து, அந்தப் பாகம் எந்தச் சூழலில் எழுதப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 1990இல் தொடங்கிய இந்தத் தொடரை முடிக்காமலேயே 2007 செப்டம்பரில் ஜோர்டன் காலமானார். அவருடைய மனைவியும் பதிப்பாசிரியருமான ஹாரியட் மெக்டூகல், அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு தொடரை முடிக்கும் பொறுப்பை பிராண்டன் சாண்டர்சனிடம் ஒப்படைத்தார். ஒரே பாகமாக எண்ணப்பட்டது 2009, 2010, 2013 ஆண்டுகளில் மூன்று நூல்களாக வந்தது. ராண்டின் நண்பன் மேட் காத்தனின் கேலிப்பேச்சு இவற்றில் வேறு குரலில் ஒலிக்கிறது என்ற வாசகர்களின் புகார் நியாயமானதே என்பது என் எண்ணம். ஆனால் "ஜோர்டன் இருந்திருந்தால் இப்படி முடித்திருக்க மாட்டார்" என்று பேசுபவர்கள், அந்தக் கடைசிக் காட்சியை ஜோர்டனே தம் வாழ்நாளில் எழுதி வைத்திருந்தார் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

சில நாள் இடைவெளி விட்டு, முதல் பாகத்தின் முதல் அத்தியாயத்தையும் கடைசிப் பாகத்தின் கடைசி அத்தியாயத்தையும் ஒரே அமர்வில் படியுங்கள். இந்த முறையில் எனக்கு மிகவும் பயன்பட்ட படி இதுதான். ஜோர்டனின் தொடரில் ஒவ்வொரு பாகத்தின் முதல் அத்தியாயமும் எங்கோ எழும் ஒரு காற்றோடு தொடங்கும். அந்தக் காற்று தொடக்கம் அன்று, ஆனாலும் ஒரு தொடக்கம் என்று அந்தப் பத்தி சொல்லும். கடைசிப் பக்கத்தில் அதே காற்று வருகிறது, தொடக்கம் இருந்த இடத்தில் முடிவு என்ற சொல் வந்து அமர்கிறது. முதல் வாசிப்பில், போரின் களைப்பில், நான் அதைக் கவனிக்கவே இல்லை. ஸ்டீபன் கிங்கின் 'தி டார்க் டவர்' இன்னும் கடுமையான வழக்கு. 2004இல் வந்த ஏழாம் பாகத்தின் இறுதிக்கு முன் ஆசிரியரே குறுக்கிட்டு, இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று வாசகரிடம் சொல்கிறார். மீறிப் படித்தால், கோபுரத்தின் உச்சிக்கதவு நாயகன் ரோலண்டை மறுபடியும் பாலைவனத்தில் தள்ளுகிறது. தொடரின் முதல் வாக்கியமே கடைசி வாக்கியமாகிறது. ஏமாற்றுவேலை என்று கொதிப்பதற்கு முன், இம்முறை அவனிடம் ஓர் ஊதுகொம்பு இருக்கிறது, முன்பு அது இல்லை என்பதைப் பாருங்கள்.

"இழுவை" என்ற குற்றச்சாட்டை எழுதுமுன் அத்தியாயங்களை எண்ணிவிடுங்கள். டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலின் இறுதிப் பகுதியான ஆறாம் புத்தகத்தில் ஒன்பது அத்தியாயங்கள் உள்ளன. கதை முழுவதும் அழிக்கப் போராடும் தீய மோதிரம் மூன்றாவதிலேயே அழிந்துவிடுகிறது. மீதி ஆறும் எதற்கு என்று கேட்பவர்கள், ஊர் திரும்பியவர்கள் தம் ஊரே பாழாகிக் கிடப்பதைக் காண்பதுதான் அந்த நாவலின் கணக்கில் போரின் விலை என்பதைக் கவனிக்கவேண்டும். இதற்குமேலும் ஒரு பின்னுரையை எழுதிய டோல்கீன் அதை அச்சிடாமல் விட்டுவிட்டார். அவருடைய மகன் கிறிஸ்டோபர் தொகுத்து 1992இல்தான் அது வெளியானது. ஆகவே நூல் முடிவது, நாயகனின் தோழனான சாம் வீடு திரும்பியதும் அவன் மடியில் குழந்தை எலனோரை மனைவி வைக்க, அவன் மூச்சை இழுத்துவிட்டுத் தான் வந்துவிட்டதாகச் சொல்லும் அந்தச் சிறு காட்சியோடுதான்.

முடிவே வராத தொடர்களுக்கு இந்த முறை உதவாது. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' தொடரில் ஐந்தாம் பாகம் 2011இல் வந்தது. 2019இல் முடிந்த 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்ற அதன் தொலைக்காட்சி வடிவத்தின் மீதான கோபத்தை அந்த நூல்களின் கணக்கில் எழுதுவது முறையன்று.

இவ்வளவும் செய்தபின் எழுத உட்காருங்கள். எழுதும்போது பழுது இருக்கும் இடத்தைக் குறிப்பாகச் சுட்டுங்கள்; முடிவைத் தலைப்பிலோ முதல் வரியிலோ போட்டுடைக்காதீர்கள். வருத்தத்தை வருத்தம் என்றே சொல்வதிலும் தவறில்லை. என்னுடைய இரண்டரைப் பக்கக் குறிப்பு திருத்தியபின் ஒரு பத்தியாகச் சுருங்கியது. அதில் ஃபெயினைப் பற்றிய வரியில் மட்டும் ஒரு சொல்லைக்கூட நான் மாற்றவில்லை.