லெஸ்வோஸ் தீவில் அகதிச் சிறாருடன் பணியாற்றச் செல்லும் தன்னார்வலருக்கு

கிரேக்க நாட்டின் லெஸ்வோஸ் தீவையும் துருக்கிக் கரையையும் பிரிக்கும் கடல், மிகக் குறுகிய இடத்தில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் அகலமே உடையது. 2015-ஆம் ஆண்டில் மட்டும் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ரப்பர் படகுகளில் அதைக் கடந்து இத்தீவில் இறங்கினர். 2016 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியமும் துருக்கியும் செய்துகொண்ட உடன்பாட்டுக்குப் பின்னர், வந்தவர்கள் மேற்கொண்டு பயணம் செய்ய இயலாமல் தீவிலேயே தேங்கினர். ஏறத்தாழ 3,000 பேருக்காக அமைக்கப்பட்ட மோரியா முகாமில் 2020-இன் தொடக்கத்தில் 20,000 பேர் அளவுக்கு நெருக்கியடித்து வாழ்ந்தனர். அவ்வாண்டு செப்டம்பர் 8-ஆம் தேதி இரவு பிடித்த தீயில் அந்த முகாம் எரிந்துபோக, பழைய இராணுவச் சுடுதளம் ஒன்றில் மவ்ரோவூனி முகாம் எழுந்தது. பின்னர் வருவோரின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தாலும் படகுகள் நிற்கவில்லை; அவற்றில் பெற்றோர் உடன் வராத சிறாரும் இருக்கிறார்கள்.

இங்கே சென்று பணியாற்ற விரும்புவோர் முதலில் தேட வேண்டியது விமானச் சீட்டை அன்று, அமைப்பை. கிரேக்கக் குடியேற்ற அமைச்சகத்தின் பதிவேட்டில் இடம்பெற்றிருக்கிறதா, குழந்தைப் பாதுகாப்புக் கொள்கையை எழுத்தில் வைத்திருக்கிறதா, அதற்கெனத் தனிப் பொறுப்பாளர் இருக்கிறாரா என்ற மூன்று கேள்விகளை நேரடியாகவே கேளுங்கள். உங்கள் காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழைக் கேட்காமல், நேர்காணல் நடத்தாமல், நாளைக்கே வரலாம் என்று சொல்லும் அமைப்பை நான் நம்பமாட்டேன். உங்களை இவ்வளவு எளிதாக உள்ளே விடுபவர்கள் வேறு யாரையெல்லாம் விட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். சிறாருடனான பணிக்குப் பல அமைப்புகள் குறைந்தது இரண்டு மூன்று மாதங்கள் தங்கும்படி கேட்கின்றன. அவ்வளவு விடுப்பு கிடைக்காதவர்கள் துணிக் கிடங்கு, சமையல், கட்டடப் பழுது போன்ற பணிகளைக் கேட்டு வாங்கிக்கொள்வதே முறை. இரண்டு வாரம் பழகிவிட்டுக் கண்ணீருடன் விடைபெறும் அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே பலரை இழந்த குழந்தைக்கு இன்னுமோர் இழப்பாகத்தான் முடிவார்.

இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்கள் நன்னடத்தைச் சான்றிதழுக்குப் பாஸ்போர்ட் சேவை வழியே விண்ணப்பிக்கலாம். முகவரி மாறியிருந்தால் காவல்நிலைய விசாரணை நீளும் என்பதால் இதை முதலிலேயே தொடங்கிவிடுங்கள். கிரேக்கம் உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் குறுகியகால விசாவை வைத்துக்கொண்டு எந்த 180 நாட்களிலும் 90 நாட்களுக்கு மேல் அங்கே தங்க முடியாது. பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம்; குறைந்தது 15 நாட்களாவது முன்னதாக விண்ணப்பித்திருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. சுற்றுலா என்று பொய்யாக எழுதிவிட்டு முகாமில் பணியாற்றப் போகாதீர்கள். அமைப்பின் அழைப்புக் கடிதத்தை இணைத்து, ஊதியமில்லாத தன்னார்வப் பணி என்று வெளிப்படையாகச் சொல்லி, உங்கள் நிலைக்கு எந்த வகை விசா பொருந்தும் என்று தூதரகத்திடமே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பிரான்ஸ், ஜெர்மனி போன்ற நாடுகளில் வளர்ந்த தமிழ் இளைஞர்களுக்கு வேறொரு வழி உண்டு: ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒருமைப்பாட்டுப் படை (European Solidarity Corps) என்னும் தன்னார்வத் திட்டம் 18 முதல் 30 வயதுவரை உள்ளவர்களை இத்தகைய பணிகளுக்கு அனுப்பி, பயணம், தங்குமிடம், உணவு, காப்பீடு, கைச்செலவு ஆகியவற்றையும் பார்த்துக்கொள்கிறது.

ஏதென்ஸிலிருந்து தீவின் தலைநகரான மிட்டிலினிக்கு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே ஆகும். ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்திலிருந்து கப்பலில் சென்றால் ஓர் இரவுப் பயணம். கிரேக்கம் என்றதும் வெயிலை மட்டும் நினைத்துக்கொண்டு போகிறவர்கள் சனவரி மாதக் காற்றிலும் மழையிலும் விறைத்துப் போகிறார்கள். மழைச்சட்டையும் கனத்த காலுறையும் கட்டாயம் தேவை.

பணியின் முதல் வாரத்தில் பேச்சைக் குறைத்துக்கொள்வது நல்லது. ஆப்கானியச் சிறாரில் பலர் தாரி மொழி பேசுவார்கள்; அரபு, சோமாலி, பிரெஞ்சு ஆகியவையும் காதில் விழும். தாரியில் "தஷக்கூர்", அரபில் "ஷுக்ரன்" என்று நன்றி சொல்லத் தெரிந்தாலே முகங்கள் மலர்கின்றன. "எப்படி வந்தாய்? அப்பா அம்மா எங்கே?" என்று மட்டும் கேட்காதீர்கள். நம் ஊரில் அறிமுகமான ஐந்தாவது நிமிடத்தில் குடும்பம் முழுவதையும் விசாரிப்பது அன்பின் அடையாளம். அங்கே அதே கேள்வி, அதிகாரிகள் மீண்டும் மீண்டும் கேட்டுப் பதிவுசெய்த கேள்வி. பிறந்தநாளைக் கேட்பதிலும் கவனம் வேண்டும். பிறப்புச் சான்று இல்லாத பலருக்குச் சனவரி 1 என்றே தாள்களில் எழுதப்பட்டிருக்கும். அந்தத் தேதி ஒருவர் சிறாரா பெரியவரா என்ற வழக்குக்கே உட்பட்டிருக்கலாம் என்பதால் அதை வேடிக்கையாக்கக் கூடாது.

வகுப்பை எப்படி அமைப்பது என்பதில்தான் பலர் இடறுகிறார்கள். நான் அங்கே பணியாற்றச் சென்றபோது ஊரிலிருந்தே பன்னிரண்டு வாரப் பாடத்திட்டம் தயாரித்துக் கொண்டுபோனேன். மூன்றாவது வாரத்தில் பாதிப் பேரைக் காணவில்லை. குடும்பத்தோடு கிரேக்கப் பெருநிலப்பகுதிக்கு மாற்றியிருந்தார்கள், முந்தைய மாலைதான் அவர்களுக்கே தெரிந்ததாம். அன்றிலிருந்து நான் கடைப்பிடித்த முறை இதுதான்: ஒவ்வொரு வகுப்பும் அன்றே தொடங்கி அன்றே முடிய வேண்டும், முதல்முறை வருபவரும் அதில் முழுதாகக் கலந்துகொள்ள வேண்டும், நாளை வராமல் போகிறவர் கையில் ஏதாவது ஒன்று, ஐந்து ஆங்கிலச் சொற்களோ தைத்து முடித்த ஒரு பையோ, இருக்க வேண்டும். தொடக்கமும் முடிவும் தினமும் மாறாதிருக்கட்டும். ஒரே நேரம், ஒரே வணக்கம், வட்டமாக நின்று ஒவ்வொருவரும் தம் பெயரைச் சொல்லும் ஒரே சடங்கு. அடுத்த மாதம் எந்த ஊரில் இருப்போம் என்று அறியாத பிள்ளைக்கு, நான்கு மணிக்கு என்ன நடக்கும் என்று தெரிந்திருப்பது பெரிய ஆறுதல். இரவில் தூக்கமின்றித் தவிப்பவர்கள் பலர் என்பதால் காலை வகுப்பைவிடப் பிற்பகல் வகுப்பு நன்றாக நடக்கும்.

"உன் வீட்டை வரை", "உன் குடும்பத்தை வரை" என்னும் பழகிப்போன பயிற்சிகளைத் தவிர்த்துவிடுங்கள். கால்பந்து, சதுரங்கம், தாளம் தட்டுதல், சமையல் ஆகியவற்றுக்கு மொழி அதிகம் வேண்டியதில்லை. தோற்றவர் வெளியேறும் விளையாட்டுகளை விட்டுவிட்டு அனைவரும் கடைசிவரை ஆடுபவற்றைத் தேர்ந்தெடுங்கள். கதவருகே உட்கார விரும்புபவரை உள்ளே இழுக்க வேண்டாம். பலூன் உடைக்கும் போட்டி வேண்டவே வேண்டாம். கிரேக்கர்கள் உயிர்த்த ஞாயிறுக்கு முந்தைய நள்ளிரவில் பட்டாசு வெடிப்பார்கள். தீபாவளியோடு வளர்ந்த நமக்கு அது மகிழ்ச்சியான ஓசை, போரிலிருந்து வந்த பிள்ளைக்கு அப்படியன்று. ஆகவே அந்த நாளைப் பற்றி முன்கூட்டியே மொழிபெயர்ப்பாளர் மூலம் சொல்லிவைப்பது அவசியம்.

எந்தச் சிறாருடனும் மூடிய அறையில் தனியே இருக்காதீர்கள். எப்போதும் இன்னொரு பெரியவர் கண்பார்வையில் இருக்கட்டும். சொந்தக் கைப்பேசி எண்ணையோ சமூக ஊடகக் கணக்கையோ கொடுக்காதீர்கள். பணமும் தனிப்பட்ட பரிசும் ஒருவருக்குக் கொடுத்தால் பத்துப் பேருக்கு மனத்தாங்கல். புகைப்படம் வேண்டாம்; முகத்தை மறைத்தாலும், அந்தப் பிள்ளைக்கோ ஊரில் இருக்கும் உறவினருக்கோ தீங்கு செய்யத் தேடுபவர்கள் அடையாளம் காண ஒரு சட்டையோ தழும்போ போதுமானது.

சில நேரங்களில், நீங்கள் கேட்காமலே, ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்த கொடுமையைச் சொல்லத் தொடங்கிவிடும். அப்போது "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்களித்துவிடாதீர்கள். பொறுமையாகக் கேளுங்கள், விவரம் கேட்டுத் துருவாதீர்கள், சொன்னது சரிதான், உதவக்கூடியவரிடம் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது என்று விளக்குங்கள். பிறகு அந்தப் பிள்ளையின் சொற்களிலேயே, உங்கள் ஊகம் எதையும் சேர்க்காமல் எழுதி, அன்றே பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் ஒப்படையுங்கள். உலக சுகாதார நிறுவனம் உளவியல் முதலுதவிக்குச் சொல்லும் மூன்று படிகளும், அதாவது பார்த்தல், கேட்டல், உரியவரோடு இணைத்தல் ஆகியவை, இந்த எல்லையைத்தான் வரைகின்றன. சிகிச்சை நம் வேலையன்று.

சட்ட ஆலோசனையும் அப்படியே. புகலிட நேர்காணலில் எதைச் சொல்லலாம், எதை விடலாம் என்று நல்லெண்ணத்தில் ஒருவர் சொல்லும் அரைகுறை யோசனை, ஒரு பிள்ளையின் விண்ணப்பத்தையே கெடுத்துவிடும். வழக்கறிஞர் இருக்கும் அமைப்பின் முகவரியை மட்டும் கொடுங்கள். பதினெட்டு நிறைந்ததும் சிறாருக்கான காப்பகத்தில் இடம் பறிபோகும் என்பதால் பதினேழு வயதினருக்கு இது அவசரமான காரியம். கடற்கரையில் படகைக் கண்டால் நீங்களாகவே களத்தில் இறங்காமல் அமைப்பின் விதிப்படி தகவல் மட்டும் தெரிவியுங்கள். 2018-இல் இத்தீவில் கடல்மீட்புப் பணியில் இருந்த சாரா மர்தினி, ஷான் பிண்டர் என்னும் தன்னார்வலர்கள் கைதாகி 100 நாட்களுக்கும் மேலாகச் சிறையில் இருந்தனர். குற்றச்சாட்டுகளை அவர்கள் மறுத்தபோதும் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

"நான் எப்போது ஜெர்மனிக்குப் போவேன்?" என்ற கேள்வி வந்தே தீரும். "தெரியாது" என்று சொல்லுங்கள். "சீக்கிரம் போய்விடுவாய்" என்ற ஆறுதலை அவர்கள் பலமுறை கேட்டுவிட்டார்கள்.

விடைபெறும் தேதியை முதல் நாளே அறிவியுங்கள். கடைசி இரண்டு வாரங்களில் சுவரில் ஒரு நாட்காட்டி மாட்டி நாட்களை அவர்களோடு சேர்ந்தே அடித்துவாருங்கள். திரும்பி வருவேன் என்று உறுதியில்லாமல் சொல்லாதீர்கள். கையேடு ஒன்றில், எந்த விளையாட்டு எடுபட்டது, எந்தப் பாட்டுக்கு அறை அமைதியானது, பந்துக்குக் காற்றடிக்கும் பம்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்பதுவரை எழுதிவையுங்கள். சிறாரின் பெயரோ சொந்தக் கதையோ அதில் வேண்டாம். கடைசி மூன்று வகுப்புகளை உங்களுக்கு அடுத்து வருபவர் நடத்தட்டும். நீங்கள் வட்டத்தில் ஒருவராக நின்று, உங்கள் முறை வரும்போது பெயரைச் சொல்லுங்கள்.